போத்தல் நிறையத் தண்ணீர்

2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ராவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் நாற்றம் கிளம்ப, நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. செந்தூலில் எங்கள் அடுக்குமாடியிலும்தான். தண்ணீர் லோரி வந்ததும் முகக்கவரியோடு கீழே ஓடி, வரிசையில் நின்று, தோங் எனும் வாளியை நிரப்பி, லிஃப்டுக்கும் வரிசையில் நின்று மேலே வந்தால் பாதித் தண்ணீர் என் கால்சட்டையில் இருக்கும். பாத்திரம் கழுவ இவ்வளவு, கழிவறைக்கு இவ்வளவு என்று மனைவி பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது ஐந்து வயது மகள் வந்து, "மிளகுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

மிளகு எங்கள் ஹாம்ஸ்டர். கோவிட்டுக்காகப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்த ஜூன் மாதம் வாங்கி வந்தது. சிரியன் வகை, சமையலறைத் தராசில் வைத்தால் 120 கிராம். ஹாம்ஸ்டர் ஒரு நாளைக்கு 100 கிராம் எடைக்குச் சுமார் 10 மில்லி குடிக்கும் என்பது பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தால் மிளகுக்கு 12 மில்லி, அதாவது இரண்டரைத் தேக்கரண்டிகூட இல்லை. தண்ணீர் வராத அந்த நாட்கள் மொத்தத்துக்கும் அவன் குடித்ததைச் சேர்த்தால் அரை டம்ளர் தேறாது. வீட்டிலேயே சிரமம் தராத வாய் இவனுடையதுதான் என்று அன்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு வருடம் கழித்துக் கணக்குத் தீர்ந்தது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் கடைக்காரர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். மிளகை இருபத்தைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்ற தவுக்கே, அதாவது கடை முதலாளி, நல்ல மனிதர், மகளுக்கு ஒரு சின்ன மர ஏணியைச் சும்மா கொடுத்தார். ஆனால் போத்தல் எது வாங்கலாம் என்று கேட்டபோது, இது பாலைவனத்துப் பிராணி, தண்ணீர் அதிகம் வேண்டாம், இரண்டு துண்டு வெள்ளரிக்காய் போட்டால் போதும் என்றார். அவர் மட்டுமல்ல, இதை நிறையப் பேர் நம்புகிறார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

பிறகு படித்துப் பார்த்தால் கதை வேறு. உலகம் முழுக்க வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் அநேகமாக எல்லாமே 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே பிடிபட்ட ஒரே குடும்பத்தின் வாரிசுகள். ஜெருசலேமில் சால் அட்லர் என்ற ஆய்வாளர் மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா நோயை ஆராய எளிதாகப் பெருகும் ஹாம்ஸ்டர் தேடிக்கொண்டிருந்தார், அவருக்காகப் போன விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி ஒரு கோதுமை வயலைத் தோண்டச் சொல்ல, ஆழத்தில் ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன. கோதுமை வயல், மணல்காடு இல்லை. அதுவும் மேலே வெயில் காயும்போது பிராணி மண்ணுக்குள் ஆழத்தில், குளிர்ச்சியும் ஈரப்பதமும் உள்ள வளையில் படுத்திருக்கும், வெயில் தாழ்ந்ததும் வெளியே வரும். வறண்ட ஊருக்கு ஏற்ற சிறுநீரகம் அதற்கு இருப்பது உண்மைதான், அதன் சிறுநீரும் கெட்டியாக, கலங்கலாக இருக்கும் (முதல்முறை பார்த்துப் பயந்தேன், அது சாதாரணம்தான்). கங்காரு எலி என்று வட அமெரிக்காவில் ஒன்று உண்டு, அதுதான் தண்ணீரே குடிக்காமல் உலர்ந்த விதைகளைத் தின்று, உடம்பு அதிலிருந்து உண்டாக்கும் நீரிலேயே காலம் தள்ளும். ஹாம்ஸ்டருக்கு அந்த வித்தை தெரியாது. வெட்டவெளியில் பச்சை இலை, பனித்துளி என்று அதற்கு ஏதாவது அகப்படும், நம் கூண்டில் அகப்படுவது பத்து சதவீதம் அளவுக்கே ஈரம் உள்ள உருண்டைத் தீவனமும், மதியம் 33 டிகிரி அடிக்கும் செந்தூல் வீடும். வளை தோண்டிப் போகலாம் என்றால் கீழே சிமெண்டுத் தரை.

வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர் என்பதும் சரிதான். தண்ணீருக்குப் பதிலாக அதையே கொடுத்தால் வயிறு இளகிவிடும், அப்புறம் உள்ளே இருக்கும் தண்ணீரும் போய்விடும். ஒரு விரல்நகம் அளவுத் துண்டு, வாரத்தில் சில நாள், அவ்வளவுதான்.

சரி, போத்தலுக்கு வருவோம். கூண்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கும், அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் உள்ளே நீளும், குழாய் முனையில் ஒரு சின்ன எஃகு குண்டு. ஹாம்ஸ்டர் நாக்கால் குண்டைத் தள்ளும்போது ஒரு துளி வெளியே வருகிறது, வந்த துளிக்கு ஈடாகக் காற்றுக் குமிழ் ஒன்று குழாய் வழியாக ஏறி உள்ளே போகிறது. அந்தக் 'குளுக்'தான் எல்லாம். குமிழ் ஏறவில்லை என்றால் உள்ளே வெற்றிடம் இழுத்துப் பிடிக்கும், துளி வராது. போத்தல் தலைகீழாக இருந்தும் தண்ணீர் கொட்டாமல் நிற்பதற்கும், சில நேரம் கொடுக்கவே மாட்டேன் என்று அடம் பிடிப்பதற்கும் காரணம் ஒன்றே.

முதல் ஆறு மாதம் எங்கள் பிரச்சினை நேர் எதிர், ஒழுகல். காலையில் பார்த்தால் குழாய்க்குக் கீழே மரத்தூள் சொதசொதவென்று இருக்கும், அதற்குள் மிளகு பதுக்கிவைத்த சூரியகாந்தி விதைகளில் பூஞ்சணம். இந்த ஊர்க் காற்றில் ஈரமான எதுவும் தானாகக் காயாது. மூன்று போத்தல் மாற்றினேன், எல்லாம் ஒழுகின. பிறகுதான் பிடிபட்டது: இரவில் அந்த அறையில் ஏர்கோன் போடுகிறோம், காலையில் அடைக்கிறோம். அறை சூடாக ஆகப் போத்தலுக்குள் இருக்கும் காற்று விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. பாதி காலியான போத்தலில் காற்று அதிகம், அதனால் ஒழுகலும் அதிகம். கழுத்துவரை நிரப்பிவைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது, குழாய் முனை மரத்தூளைத் தொடாமல் இரண்டு விரல் உயர்த்திக் கட்டியதில் மீதியும் ஏறக்குறைய தீர்ந்தது. தூள் தொட்டுக்கொண்டிருந்தால் திரி எண்ணெயை இழுப்பது போல இரவோடு இரவாகப் போத்தலையே உறிஞ்சிவிடும்.

எவ்வளவு குடிக்கிறான், எவ்வளவு ஒழுகுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு பிடித்து, அதே மாதிரிப் போத்தல் ஒன்றைக் கூண்டுக்கு வெளியே, யாரும் குடிக்காத இடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டேன். இரண்டிலும் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் கோடு. சும்மா தொங்கிய போத்தலிலேயே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 மில்லி குறைந்தது! அதாவது 12 மில்லி குடிக்கிறான் என்று நான் நினைத்த நாட்களில் அவன் குடித்தது 9-ஆகவும் இருக்கலாம். மனைவி அந்த இரண்டாவது போத்தலைப் பார்த்து, "இது பேய்க்கா?" என்று கேட்டாள்.

இவ்வளவு தூரம் அளந்து பார்த்தவன்தான் கோட்டை விட்டேன்.

2021 அக்டோபர் 11-ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்கள் மாநிலம் கடக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அடுத்த மாதம் 4-ஆம் தேதி தீபாவளி. ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அம்மாவைக் கைபேசியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன், விடுவேனா. புதன்கிழமை மாலை தெலுக் இந்தானுக்குக் கிளம்பி, சனிக்கிழமை மதியம் திரும்புவதாகத் திட்டம். மூன்று இரவு. சின்னப் போத்தல் ஒழுகித் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கிளம்பும் அன்று கடைக்குப் போய் 250 மில்லி போத்தல், தடித்த குழாய், பெரிய குண்டு, ஒழுகவே ஒழுகாது என்று எழுதியிருந்தது, அதை வாங்கிவந்து நிரப்பி மாட்டினேன். பழையதைக் கழற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆண்டியிடம் சாவி கொடுத்து, வியாழக்கிழமை ஒருதரம் எட்டிப் பார்க்கச் சொன்னேன்.

தீபாவளியன்று பசியாறிக்கொண்டிருக்கும்போது ஆண்டியிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கூண்டு, ஏணி, நடுவில் பளபளவென்று போத்தல். கூடவே குரல்செய்தி: "தம்பி, தண்ணி ரொம்ப நெறையா இருக்கு, ஒண்ணும் கவலப்படாத. பிள்ள தூங்குது. ஒரு துண்டு திமுன் போட்டுட்டு வந்தேன்." திமுன் என்றால் மலாயில் வெள்ளரிக்காய், ஆண்டிக்கு அது எப்போதும் திமுன்தான். நிம்மதியாக இன்னோர் இட்லி வைத்துக்கொண்டேன். அந்தப் படத்தை இப்போதும் அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் நீர்மட்டம் நான் நிரப்பிய அதே இடத்தில், கழுத்தில் நிற்கிறது. ஒரு ராத்திரி முழுக்கப் போயிருக்கிறது, ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. படத்தைப் பார்த்த நான், மனைவி, அம்மா, ஆண்டி, நான்கு பேருக்கும் அது நல்ல செய்தியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை வீட்டைத் திறந்ததும் மகள் கூண்டுக்கு ஓடினாள். வழக்கமாகப் பெட்டியைத் தட்டினாலே மூக்கை நீட்டுகிறவன் வரவில்லை. கூட்டைக் கிளறினேன். முதுகு வளைந்து, முடி சிலிர்த்து, கண் இரண்டும் உள்வாங்கிக் கிடந்தான். கையில் எடுத்தால் எடையே இல்லை. பிடரித் தோலை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளி விட்டேன், சட்டென்று படிய வேண்டிய தோல் கூடாரம் போல நின்று, மெல்ல இறங்கியது. உணவுக் கிண்ணம் வைத்தது வைத்தபடி. தாகத்தில் இருக்கிற பிராணிக்கு உலர்ந்த தீனி இறங்காது, தின்பதை நிறுத்திவிடும். அதனால் சாப்பிடாமல் இருந்தால் வயிற்றைச் சந்தேகிப்பதற்கு முன்னால் போத்தலைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

குழாயைப் பார்த்தேன். இரும்பில் ஒன்றும் இல்லை, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையத்தில் வரிசையாகப் பல் தடம். கடித்துக் கடித்துப் பார்த்திருக்கிறான். என் ஆள்காட்டி விரலால் குண்டை அழுத்தினேன், வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன், உள்ளே ஏதோ 'டிக்' என்று விட்டுக்கொடுத்து, குமிழ் ஒன்று குளுக்கென்று மேலே ஏறியது. கழற்றிப் பார்த்தால் குண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் செய்த போத்தல். என் விரலுக்கே பலம் வேண்டியிருந்தது, 120 கிராம் பிராணியின் நாக்கு என்ன செய்யும்?

மருந்துக்கடையில் வாங்கிவைத்த 1 மில்லி ஊசிக்குழல், ஊசி இல்லாதது, வீட்டில் இருந்தது. வாய்க்குள் பீய்ச்சக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். உதட்டோரம் ஒரு துளியைத் தொங்கவிட்டேன். துளி அப்படியே நின்றது. மகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அரிசி அளவு நாக்கு வெளியே வந்து துளியைத் தொட்டது. அடுத்த துளி. ஒரு மில்லி உள்ளே போகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அம்மா தெலுக் இந்தானிலிருந்து அழைத்து, "ஹண்ட்ரட் பிளஸ் கொஞ்சம் கலந்து குடுப்பா" என்றார். நம் ஊரில் காய்ச்சல், பேதி, பந்து விளையாட்டு எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து. மனிதர்களுக்கான இனிப்புப் பானம், இத்தனை சின்ன உடம்புக்குச் சர்க்கரை அதிகம், வேண்டாம்மா என்று சொல்லி வைத்தேன்.

சின்னப் பிராணிகளைப் பார்க்கிற மருத்துவர் ஒருவரைத் தேடிப்பிடித்து மாலையில் கொண்டுபோனோம். பிடரித் தோலுக்கு அடியில் ஊசியால் திரவம் ஏற்றினார், ஏற்றிய இடம் சின்ன மூட்டை மாதிரி உப்பி, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. தொண்ணூறு வெள்ளி. ஆண்டி போட்ட அந்தத் துண்டு வெள்ளரிக்காய்தான் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றார். வெள்ளரிக்காயைப் பற்றி மேலே நான் எழுதியதை ஆண்டியிடம் யாரும் படித்துக்காட்ட வேண்டாம்.

அந்த மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: கிண்ணம் ஏன் வைப்பதில்லை? தலையைத் தூக்கி இரும்பை நக்குவதைவிட, குனிந்து குடிப்பதுதான் இதுகளுக்கு இயல்பான நிலை, கிண்ணத்தில் அடைப்பும் கிடையாது. நான் அதுவரை கிண்ணம் என்றால் அசுத்தம் என்று நினைத்திருந்தேன். கோப்பிக்கடையில் மீ கோரெங்குக்குச் சில்லி வைத்துத் தருவார்களே, உள்ளங்கையில் பாதி அளவுக் கனத்த பீங்கான் தட்டு, அதில் ஒன்றைப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன். கவிழாது, ஒரு சென்டிமீட்டர்கூட ஆழம் இல்லை, குட்டி விழுந்தாலும் ஏறிவிடும். முதல் இரவே மிளகு அதில் மரத்தூளை நிரப்பிக் குளமாக்கினான். ஒரு பலகையைத் துண்டாக்கி மேடை மாதிரி உயர்த்தி வைத்த பிறகுதான் அடங்கினான். காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும், அது உண்மை. போத்தல் மட்டும் சும்மா விடுமா? குழாய்க்குள் வழவழவென்று படியும், பால்கனி வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும், மெல்லிய தூரிகை விட்டுத் தேய்க்காமல் வெறுமனே அலசினால் போகாது. அடைபட்டிருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது என்னைக் கேட்டால் இரண்டும் வைக்கச் சொல்வேன். கிண்ணம் மட்டும் என்றால் ஒருநாள் தூளில் புதைந்துவிடும், போத்தல் மட்டும் என்றால் நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் எது? நாங்கள் குடிக்கிற அதே கொதித்து ஆறிய தண்ணீர். அதில் வைட்டமின் சொட்டு, மருந்து எதையும் கலப்பதில்லை. ருசி மாறினால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்றும் தெரியாது.

கிள்ளானில் அக்கா வீட்டில் கினிப்பன்றி இரண்டு. அதுகளுடைய கணக்கு வேறு: ஒரு கிலோ எடை, ஒரு நாளைக்கு 100 மில்லிக்குக் குறையாமல் குடிக்கும், குடித்ததைவிட அதிகமாகச் சிந்தும். வாயில் புல்லை வைத்துக்கொண்டே குழாயைக் கவ்வி, மென்றதைத் திருப்பிக் குழாய்க்குள்ளேயே தள்ளும். நான் அங்கே போன முதல் நாள் போத்தல் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அக்கா, "அதுக்கு வைட்டமின் சி போட்டிருக்கேன்டா, அதான் கலர்" என்றாள். வைட்டமின் சி கினிப்பன்றிக்கு அவசியம்தான், மனிதர்களைப் போல அதன் உடம்பாலும் அதைத் தயாரிக்க முடியாது, ஆனால் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும், குடைமிளகாயாகக் கொடுப்பது மேல். அந்த நிறம் வைட்டமின் இல்லை, புல். குழாயைக் கழற்றிக் காட்டினேன். அக்கா ஒன்றும் பேசவில்லை, தம்பி சொல்லி அவள் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. அடுத்த முறை போனபோது இரண்டு போத்தல் தொங்கியது, பக்கத்தில் ஒரு தட்டில் சிவப்புக் குடைமிளகாய்.

குறைவாகக் குடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், அதிகமாகக் குடித்தாலும் சும்மா இருக்கக் கூடாது. குள்ள ஹாம்ஸ்டர்களில், குறிப்பாகக் கேம்ப்பெல் வகையில், நீரிழிவு வரும். திடீரென்று போத்தல் இரண்டு மடங்கு வேகத்தில் காலியாகும், மரத்தூள் ஒரு மூலையில் எப்போதும் ஈரமாக இருக்கும். ஒழுகுகிறது என்று நினைத்துப் போத்தலை மாற்றிக்கொண்டே இருப்போம். பேய்க்கு ஒரு போத்தல் தொங்கவிட்டால் தெரிந்துவிடும், அதனால் அந்தக் கிறுக்கை நான் விடவில்லை.

மிளகு அதற்குப் பிறகு ஒன்றேகால் வருடம் இருந்தான். 2023 தைப்பூசத்துக்கு முந்தின வாரம், வயதாகி, தூக்கத்தில் போய்விட்டான். கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று, அந்தச் சில்லித் தட்டு இப்போது உண்மையாகவே சில்லித் தட்டாக இருக்கிறது (நன்றாகக் கழுவித்தான்). சின்னப் போத்தலை மட்டும் மகள் தூக்கிப்போட விடவில்லை, வெள்ளை டேப்பில் என் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

போன மாதம் பேரங்காடியில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தோம். வாங்க இல்லை, அவளுக்குப் பார்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி ஹாம்ஸ்டரைப் பார்க்கிறார்கள், இவள் கீழ் வரிசைக் கூண்டுகளின் கம்பி இடுக்கில் சுண்டுவிரலை நுழைத்து ஒவ்வொரு குழாயாகக் குண்டைத் தள்ளிக்கொண்டு போகிறாள். முதலாவதில் குமிழ், இரண்டாவதில் குமிழ், மூன்றாவதில் ஒன்றும் இல்லை. போத்தல் நிறையத் தண்ணீர். கடைப் பையனைக் கூப்பிட்டு, "அண்ணா, இதுல வரல" என்றாள். அவன் எட்டிப் பார்த்து, நிறைய இருக்கிறதே என்றான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக் குழாய் முனையில் வைத்தாள்.